பிள்ளை பிரிட்டனுக்குக் கிளம்புகிறதா? பெட்டி கட்டும் முன் உட்கார்ந்து பேச வேண்டிய உரிமைகள்

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா என் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பேனாவால் எழுதியிருந்தார்: ‘6.40க்குக் கிளம்பினாள். முதல் வீடு 7 முதல் 7.45. பஸ் 35 நிமிஷம். இரண்டாவது வீடு 8.20 முதல்...’ அவர் மகள் வட இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இரவு வாட்ஸ்அப்பில் பேசும்போது அன்றைக்கு எங்கெங்கே போனாள், சாப்பிட்டாளா இல்லையா என்று சொல்வாள், அம்மா குறித்துக்கொள்வார். கவலையில் தொடங்கிய பழக்கம்.

சம்பளச் சீட்டையும் போனில் காட்டினார். ஒரு வாரத்துக்கு 33 மணி நேரம், மணிக்கு 12.82 பவுண்டு, மொத்தம் 423.06 பவுண்டு. காலண்டர் தாள்களைக் கூட்டினால் அதே வாரம் 45 மணி நேரம் வருகிறது, அதுவும் தங்கியிருக்கும் இடத்திலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் நேரத்தை நான் கழித்த பிறகு. மீதி 12 மணி நேரம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் போனது. அந்த நேரத்துக்குச் சம்பளமே போடவில்லை. 423.06ஐ 45ஆல் வகுத்தேன், மணிக்கு 9.40 பவுண்டு. 2025 ஏப்ரலில் அந்த நாட்டில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 12.21 பவுண்டு வைத்திருந்தார்கள். வேலைக்கு நடுவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பயணம் செய்யும் நேரமும் அந்தக் கணக்கில் வேலை நேரம்தான். ஆக வாரத்துக்கு 126 பவுண்டுக்கு மேல் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது சேராமல் போயிருக்கிறது.

கணக்கைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார், “சார், இதக் கேக்கப் போனா விசாவ புடுங்கிடுவாங்களா? பேசாம இருந்துடச் சொல்லவா?”

நான் கடலூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக 26 வருஷம் இருந்தவன். என் மகள் லெஸ்டரில் படிக்கப் போனபோதுதான் பிரிட்டன் சட்டங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அப்புறம் மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம், பாண்டி என்று தெரிந்தவர்கள் கேட்கக் கேட்க இன்னும் படித்தேன். இத்தனை பேர் என்னிடம் கேட்டதில் பாதிக்கு மேல் அந்த அம்மா கேட்ட அதே கேள்விதான், வேறு வேறு வார்த்தையில். குடியுரிமை இல்லாதவனுக்கு அங்கே என்ன உரிமை இருக்கப் போகிறது என்ற எண்ணம் நம் ஆட்கள் மனதில் ஊறிக் கிடக்கிறது. கூலி, வாடகை, போலீஸ், பாகுபாடு ஆகியவை பற்றிய அந்நாட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் அங்கே இருக்கிற எல்லோருக்கும் பொது. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் அவை கறாரானவை: கையில் காகிதம் வேண்டும், கெடு தேதிக்குள் போக வேண்டும்.

கிளம்பும் முன், நம் ஊரிலேயே

வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேலை கொடுப்பவரின் பெயர். வெளிநாட்டு ஆளை விசாவில் எடுக்க லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலையும் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி போட்டு வைத்திருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் பெயர் அதில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஏஜென்ட் நம் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். முந்திரித் தோப்பை அடகு வைத்து 14 லட்சம், 16 லட்சம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அந்தத் தோப்பு இன்னும் திரும்பி வரவில்லை.

‘ஸ்பான்சர் சர்டிபிகேட்டுக்குத் தனியாகப் பணம்’ என்று ஏஜென்ட் சொன்னால் உஷாராகிவிடுங்கள். விசாவுக்காக வேலை கொடுப்பவர் தரும் அந்தச் சான்றிதழுக்கும், ‘ஸ்கில்ஸ் சார்ஜ்’ என்று அரசு வாங்கும் தொகைக்கும் உண்டான செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும், தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. இன்னொன்று, முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இதற்குப் பிறகும் ‘கேர் விசா ரெடி’ என்று யாராவது துண்டு நோட்டீஸ் கொடுத்தால் அவர் ஏமாற்றுகிறார், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு நம் ஊர்க் கதை நினைவுக்கு வருகிறது. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலம் சேர்த்தி என்று பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்து மதராசிலிருந்து வரவழைத்து, எல்லாத் திசையிலும் சுட்டு, கடலூர் ஊரையே அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. ஒரு வரியை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது எழுதிய ஆளுக்கு நன்றாகத் தெரியும். ‘இடையில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவு, எதற்கு, எத்தனை மாதம் வரை என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வேலையில் சேரும் முதல் நாளுக்குள் சம்பளம், நேரம், விடுமுறை எல்லாம் எழுதிய தாளைக் கொடுப்பது அங்கே கட்டாயம்.

கூலி

சம்பளச் சீட்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை. நேரத்துக்குத் தகுந்தபடி சம்பளம் மாறுகிற வேலை என்றால் எத்தனை மணி நேரத்துக்குப் போட்டிருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 28 நாள். ஓட்டலில் சனி ஞாயிறு மட்டும் பாத்திரம் கழுவுகிற மாணவனுக்கும் அவன் செய்கிற வேலைக்கு ஏற்ற அளவில் விடுப்புச் சம்பளம் சேர்கிறது, பல பேருக்கு இது தெரியாது. தெரியாததால் அந்தப் பணம் முதலாளியிடமே தங்கிவிடுகிறது.

குறைந்தபட்சக் கூலி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். 18 முதல் 20 வயது வரை ஒரு தொகை, 21க்கு மேல் ஒரு தொகை. ‘சாப்பாடு போடுகிறோம், அதனால் மணிக்கு 7 பவுண்டுதான்’ என்று நம் ஆட்கள் நடத்தும் கடைகளிலேயே சொல்வதுண்டு. சாப்பாட்டை அந்தக் கணக்கில் கழிக்க முடியாது. தங்க இடம் கொடுத்தால் மட்டும் ஒரு சிறு தொகை கழிக்கலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

குறைகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில் தேதி வாரியாகக் கணக்கு எழுதி, மேலாளருக்கு மின்னஞ்சல், மரியாதையாக, ஆனால் தொகையைக் குறிப்பிட்டு. வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் இல்லையென்றால் ஏகாஸ் என்ற பொது அமைப்புக்குப் போக வேண்டும், இலவசம்தான், வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் அவர்களிடம் சமரசத்துக்குப் பதிவு செய்வது அநேகமாக எல்லா வழக்குக்கும் கட்டாயம். இங்கேதான் கெடு: சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘படிப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று இருந்தால் போச்சு.

தீர்ப்பாயத்தில் வழக்குப் போட இப்போது கட்டணம் கிடையாது. 2013இல் அரசு கட்டணம் வைத்தது. யூனிசன் என்ற தொழிற்சங்கம் வழக்காடியது, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் செல்லாது, ஏழைத் தொழிலாளி நீதியின் வாசலுக்கே வர முடியாமல் போகிறது என்று அடித்துப் போட்டது. கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்புக்குப் பணமில்லாமல் திரும்பிப் போன கட்சிக்காரர்களைப் பார்த்தவன் நான், அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

விசா கேள்விக்கு வருகிறேன். கூலியைக் கேட்டதற்காக விசாவை ரத்து செய்ய அங்கே சட்டத்தில் இடமில்லை. ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஸ்பான்சர் விசாவில் இருப்பவரை முதலாளி வேலையை விட்டு எடுத்தால் அவர் உள்துறைக்குத் தெரிவிப்பார், அப்புறம் உள்துறையிலிருந்து கடிதம் வரும், பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். இந்தப் பயத்தை வைத்துத்தான் ஆளைப் பிழிகிறார்கள். அதனால் கேட்பதற்கு முன்னாலேயே லைசென்ஸ் உள்ள வேறு இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, காகிதங்களை எல்லாம் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. சங்கத்தில் சேர எல்லா விசாக்காரருக்கும் உரிமை உண்டு, தனியாகக் கேட்பதைவிட யூனிசன் மாதிரி ஒரு சங்கம் கூட நின்று கேட்டால் பேச்சே வேறு.

பாஸ்போர்ட்டை முதலாளி ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று வாங்கி வைத்துக்கொண்டால், கடனைச் சொல்லி மிரட்டினால், வெளியே போக விடாவிட்டால், அது கூலித் தகராறைத் தாண்டிய விஷயம். 2015ஆம் வருஷத்து நவீன அடிமைத்தனச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

புதுப்பாளையத்துப் பெண் காலண்டர் தாள்களைத் தேதி வரிசையில் படம் எடுத்து இணைத்து மேலாளருக்கு எழுதினாள். இரண்டு வாரம் பதிலில்லை. ஏகாஸில் பதிவு செய்த ஆறாவது வாரம் நிலுவையில் பெரும்பகுதியைப் போட்டார்கள். அவள் இன்னும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

படிக்கப் போகிறவர்களுக்கு

பட்டப் படிப்பு மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் 12தான் செய்தேன், இந்த வாரம் 28 செய்கிறேன் என்று சராசரி போட முடியாது. சுயதொழில் கூடாது, அதனால் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஆப் வேலைகளுக்கு மாணவர்கள் போகவே கூடாது, இன்னொருவர் பெயரில் இருக்கும் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம். பிடிபட்டால் படிப்பும் போகும், கட்டிய ஃபீஸும் போகும். பையன்கள் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள், வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

‘உன் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை அனுப்பிவிடு, 200 பவுண்டு கமிஷன்’ என்று யாராவது சொன்னால் அது திருட்டுப் பணம். அங்கே அதற்கு 14 வருஷம் வரை சிறை. கணக்கை முடக்கிவிட்டால் வேறு வங்கியும் சேர்க்காது. உள்துறை என்று சொல்லிக்கொண்டு போன் செய்து அபராதம் கேட்பவர்களும் மோசடிக்காரர்களே, உடனே வைத்துவிடலாம்.

வீட்டு அட்வான்ஸ்

என் மகளுக்கு நடந்தது இது. நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள், ஆளுக்கு 450 பவுண்டு டெபாசிட், நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி. காலி செய்யும்போது கம்பளத்தில் கறை, அடுப்பில் எண்ணெய் என்று சொல்லி ஹவுஸ் ஓனர் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டார். பெண்கள் அழுதுகொண்டே வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மகள் போனில் சொன்னபோது நான் ஒரு கேள்விதான் கேட்டேன், “அந்தப் பணத்தை எந்தத் திட்டத்தில் போட்டார்? சான்று கொடுத்தாரா?” கொடுக்கவே இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகைக்கு விடுபவர் டெபாசிட்டைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று காப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிவு செய்து, விவரத்தைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் தர வேண்டும். செய்யவில்லை என்றால் டெபாசிட்டைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை அவர் தரும்படி கோர்ட் உத்தரவிடலாம், இங்கிலாந்தில் 2004 வீட்டுவசதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்த ஒரு பத்தியை மகள் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினாள், வேறு ஒரு கோபமான வார்த்தை கிடையாது. ஒன்பதாம் நாள் 1,800 பவுண்டும் வந்து சேர்ந்தது. அந்தச் சட்டம் அவருக்குத் தெரிந்தே இருந்தது, பெண்களுக்குத் தெரியாது என்று நம்பியிருந்தார்.

இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது (வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், அதாவது நம் ஆட்கள் எல்லோருக்கும்). ஏஜென்ட் ‘பேப்பர் வேலைக்கு’ என்று தனியாகப் பணம் வாங்குவதும் தடை. வீட்டை நிறுத்தி வைக்கக் கேட்கும் முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் ‘செக்‌ஷன் 21’ நோட்டீஸை ஒழிக்கும் சட்டம் 2025 அக்டோபரில் நிறைவேறியது, தனியார் வாடகைக்கு அது அமலாகும் தேதி 2026 மே 1. கோர்ட் உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும் சாமானைத் தெருவில் வைப்பதும் 1977லிருந்தே குற்றம்.

ஒரு எச்சரிக்கை. ஹவுஸ் ஓனர் குடும்பத்தோடு அதே வீட்டில் ஒரு அறையில் தங்கினால் இதில் பல பாதுகாப்பு கிடைக்காது, டெபாசிட் காப்பும் இல்லை, நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லலாம். தெரிந்த தமிழ்க் குடும்பம்தானே என்று போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த வகைதான். அங்கேயும் கொடுத்த பணத்துக்கு எழுத்து வாங்குங்கள், சொந்தக்காரராக இருந்தாலும்.

வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே ஒவ்வொரு அறையையும் சுவர் மூலை, ஜன்னல் ஓரம், பாத்ரூம் என்று வீடியோ எடுத்து அன்றைக்கே ஹவுஸ் ஓனருக்கு அனுப்பிவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்திருந்தால் முக்கியமாக. ராச்டேல் என்ற ஊரில் 2020இல் வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சு பாதித்து இரண்டு வயதுக் குழந்தை இறந்து போனது, பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்த வீடு அது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, முதலில் சமூக வாடகை வீடுகளுக்கு, அதாவது நகராட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, 2025 அக்டோபரில் அமலானது. துடைத்துவிட்டு வாழப் பழகிக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் டாக்ஸ் என்ற நகராட்சி வீட்டு வரி கிடையாது. கல்லூரியில் சான்று வாங்கி நகராட்சிக்கு அனுப்பினால் போதும்.

போலீஸ் நிறுத்தினால்

நம் பிள்ளைகள் போலீஸ் என்றால் ஒன்று பயந்து ஓடுவார்கள், இல்லை எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வார்கள். தெருவில் நிறுத்திச் சோதனை போட வந்தால் அமைதியாக நிற்க வேண்டும், கேட்கலாம்: எந்தச் சட்டப்படி, எதைத் தேடுகிறீர்கள், என்ன காரணம், உங்கள் பெயர் என்ன, எந்த ஸ்டேஷன்? சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. சாதாரணமாக நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சோதிக்க முடியும், தோல் நிறம் காரணமாகாது. சோதனையின் பதிவு நகலைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. வண்டி ஓட்டும்போது நிறுத்தினால் கதை வேறு, பெயரும் லைசென்ஸும் காட்டித்தான் ஆக வேண்டும்.

கைது என்றால் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்: ‘எனக்கு வக்கீல் வேண்டும், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.’ போலீஸ் நிலையத்தில் வக்கீல் ஆலோசனை இலவசம், வருமானமும் நாடும் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரும் இலவசம். வீட்டாருக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம். பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு, ஆனால் விசாரணையில் சொல்லாமல் விட்டு பிறகு கோர்ட்டில் புதிதாக ஒன்றைச் சொன்னால் அது எதிராகப் போகலாம், அதனால்தான் வக்கீல் வரும்வரை பொறுக்க வேண்டும்.

நிறம், சாதி

2010ஆம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் ஒன்பது காரணங்களைச் சொல்லி அவற்றால் ஒருவரைத் தாழ்த்தக் கூடாது என்கிறது. இனம் அதில் ஒன்று, நிறமும் நாடும் பூர்வீகமும் அதற்குள் வருகின்றன. மதம், பால், வயது, மாற்றுத்திறன், கர்ப்பம், பாலீர்ப்பு, பால் மாற்றம், திருமண நிலை மற்றவை. வேலையிலும் கடையிலும் வாடகையிலும் கல்லூரியிலும் இது செல்லும். வேலை சம்பந்தமான வழக்குக்கு அதே மூன்று மாதக் கெடு, கடை, வாடகை போன்றவற்றுக்கு ஆறு மாதம், இரண்டிலும் ஒரு நாள் குறைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றைக்கே எழுதி வைப்பது பின்னால் பெரிய சாட்சி.

இந்தச் சட்டத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 1963இல் பிரிஸ்டல் நகரத்துப் பஸ்களில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் கண்டக்டர் வேலைக்கு எடுக்க மறுத்ததற்காக மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். இரண்டு வருஷத்தில் முதல் இன உறவுச் சட்டம் வந்தது. 1976இல் லண்டன் கிரன்விக் ஃபிலிம் கழுவும் ஆலையில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று இரண்டு வருஷம் வேலை நிறுத்தத்தை நடத்தினார். கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளிகள் அவரோடு வந்து நின்றார்கள். இன்று நம் பெண்கள் அங்கே தலை நிமிர்ந்து நிற்பதில் அவர் பங்கு இருக்கிறது.

சாதி விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. 2013இல் பிரிட்டன் நாடாளுமன்றம் சாதியையும் சமத்துவச் சட்டத்தில் சேர்க்க அரசுக்குக் கட்டளையிட்டது. 2018இல் அரசு பின்வாங்கி, தீர்ப்புகளே போதும் என்றுவிட்டது. வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், எழுதாதது தவறு என்பது என் கருத்து. இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துப் போகப்பட்ட ஒரு ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கில், இனப் பூர்வீகம் என்பதற்குள் சாதியும் வரலாம் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அந்தப் பெண் ஒரு நாளைக்கு 18 மணி நேரம், வாரம் ஏழு நாள், நாலரை வருஷம் வேலை செய்திருக்கிறார், மணிக்கு 11 பென்ஸ் கணக்கில்தான் கையில் கிடைத்தது. 2015இல் கூலி நிலுவையாக மட்டும் 1,83,773 பவுண்டு தர உத்தரவானது. ஏழ்மையில் வளர்ந்த ஒருவர் அந்நிய தேசத்தில் போய் ஜெயித்த வழக்கு அது.

அதனால், அங்கே நம்மவரே நடத்தும் கடையிலோ வாடகை வீட்டிலோ ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்டு அதன் பிறகு நடத்தும் விதம் மாறினால், விழுங்கிவிட வேண்டாம். ஊரில் கேட்டுப் பழகிய கேள்வி என்று விட்டுவிடுகிறோம். கேட்டவர் பெயர், தேதி, வார்த்தை எழுதி வையுங்கள்.

கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கு

கணவன் விசாவோடு ஒட்டிய விசாவில் போகும் பெண்ணிடம் ‘நீ போலீஸுக்குப் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்’ என்று சொல்லியே அடக்குகிறார்கள். அங்கே அடிப்பது குற்றம், அதோடு நிற்கவில்லை, போனைப் பிடுங்குவது, சம்பளத்தை வாங்கிக்கொள்வது, வெளியே விடாமல் கட்டுப்படுத்துவது என்று தொடர்ந்து செய்வதும் 2015லிருந்து குற்றம். இப்படிப் பாதிக்கப்பட்டு உறவை விட்டு வெளியேறும் பெண்களுக்கு மூன்று மாதம் தனி அனுமதியும் அரசு உதவியும் பெற ஒரு சலுகை இருக்கிறது. லீவுக்கு என்று கடலூருக்கு அழைத்து வந்து பாஸ்போர்ட்டோடு கணவன் மட்டும் திரும்பிப் போய்விடும் கொடுமையும் நடக்கிறது. கணவர் பிரிட்டிஷ் குடிமகனோ நிரந்தர வாழ்வுரிமை உள்ளவரோ என்றால், இங்கிருந்தே திரும்பிப் போக விண்ணப்பிக்க இப்போது வழியுண்டு. பெண்ணின் பாஸ்போர்ட், விசா விவரம், கல்யாணச் சான்று மூன்றின் நகலும் பிறந்த வீட்டில் ஒரு கவரில் இருக்கட்டும். லண்டனில் 1979லிருந்து இருக்கும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் நம்மைப் போன்ற பெண்களுக்காகவே வேலை செய்யும் அமைப்பு.

உடம்பு, ஓட்டு, பாண்டிக்காரர்கள்

விசா எடுக்கும்போதே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணமாக வருஷத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர் என்றால் 776 கட்டிவிடுகிறோம். போன முதல் வாரமே வீட்டுப் பக்கத்து ஜி.பி. டாக்டரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிர் போகிற விஷயத்துக்கு 999.

ஓட்டு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் விசாவில் அங்கே வசிக்கும் இந்தியக் குடிமக்கள், மாணவர்கள் உட்பட, நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். பதிவு செய்தால் போதும், வாக்குச்சாவடியில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். ஆனால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பாண்டிக்காரர் அந்த நாடாளுமன்றத் தேர்தலில் போட முடியாது.

பாண்டி பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலானபோது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிகளாக நீடித்தார்கள், கெடு தேதி ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை எப்படி மாற்றும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் அதே மாதிரி இன்னொரு கெடு வந்து போயிருக்கிறது. 2020 டிசம்பர் 31க்கு முன்பே பிரிட்டனில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் 2021 ஜூன் 30க்குள் குடியமர்வுத் திட்டத்தில் பதிய வேண்டியிருந்தது. தவறவிட்டவர்கள் தகுந்த காரணத்தோடு இப்போதும் விண்ணப்பிக்கலாம், தள்ளிப் போடப் போடக் காரணம் பலவீனமாகும். இப்போது புதிதாகப் போகிற பிரெஞ்சுக்காரர் வேலை செய்ய விசா எடுத்தே ஆக வேண்டும், சுற்றிப் பார்க்க முன் அனுமதி போதும். பழைய ஞாபகத்தில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது

விசா ஆலோசனை சொல்ல அங்கே எல்லோருக்கும் அனுமதியில்லை. சொலிசிட்டராக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். கடைவாசலில் ‘விசா பார்த்துத் தரப்படும்’ என்று போர்டு இருப்பதை நம்பாதீர்கள், பெயரைக் கேட்டு ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். கல்லூரியோடு தகராறு என்றால் மாணவர் சங்கத்தின் ஆலோசகர் இலவசம். கல்லூரியின் இறுதிப் பதில் கிடைத்த 12 மாதத்துக்குள் மாணவர் புகார்களைப் பார்க்கும் சுதந்திர நடுவர் அலுவலகத்துக்குப் போகலாம், அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து போகிறவர்களுக்கு வாடகை, போலீஸ் விதிகள் வேறு, அந்தந்த ஊர் விதியைப் பார்க்க வேண்டும்.

கீழே உள்ள எண்களை ஒரு அட்டையில் கையால் எழுதி, பாஸ்போர்ட் உறையில் ஒன்றும் பெட்டியின் உள்மூடியில் ஒன்றும் ஒட்டி அனுப்புங்கள். போன் தொலைந்த அன்றைக்குத்தான் இவை தேவைப்படும். அந்த நாட்டுக்குள்ளிருந்து அழைக்க வேண்டிய எண்கள் இவை. வேலை, கூலிக்கு ஏகாஸ் 0300 123 1100. எந்தப் பிரச்சினைக்கும் முதல் ஆலோசனை சிட்டிசன்ஸ் அட்வைஸ், இங்கிலாந்தில் 0800 144 8848. வீட்டை விட்டுத் துரத்தினால் ஷெல்டர் என்ற அமைப்பு 0808 800 4444. பாகுபாட்டுக்கு 0808 800 0082. கொத்தடிமை மாதிரி நடத்தினால் 08000 121 700. வீட்டு வன்முறைக்கு 0808 2000 247, இருபத்து நான்கு மணி நேரமும். பேச முடியாத நிலையில் செல்போனிலிருந்து 999 அழைத்தால், கேட்கும்போது 55 அழுத்தச் சொல்லுங்கள், போலீஸுக்கு இணைப்பார்கள்.